புள்ளிக்கு ஒன்றும் புரியாது

பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வருகிறவருக்கு ஸ்டுடியோவில் ஒரே ஒரு வேலைதான். ஸ்டூலில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, நேரே பார்க்க வேண்டும். மனிதர்களால் சுத்தமாக முடியாத வேலை அதுதான் என்பது ஸ்டுடியோக்காரரின் அனுபவம். அதிலும் பின்னணித் திரைக்குப் பக்கத்தில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி தரையில் உட்கார்ந்து, போட்டோ ஓரங்களிலிருந்து வெட்டி எறிந்த வெள்ளைத் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டால், வந்தவர் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"உங்க பொண்ணா? பேசாதா?"

"பேசுவா. கொஞ்சமா பேசுவா. ஆட்டிசம்ங்க."

சொன்னதுதான் தாமதம், ஸ்டூலில் இருப்பவர் டாக்டராகிவிடுவார். லாரி ஓட்டுகிறவரானாலும் சரி, வக்கீலானாலும் சரி, படிப்பு அந்த நொடியிலேயே முடிந்து பட்டமும் கைக்கு வந்துவிடும். "டிவி போட்டு விட்டீங்களா? அதான்." "பாலை நிறுத்துங்க, கோதுமையை நிறுத்துங்க, ஒரே மாசம்." "எங்க சித்தப்பா பேரன் அஞ்சு வயசு வரைக்கும் வாயைத் திறக்கல. இப்ப மூட மாட்டேங்கறான். விடுங்க, அதுவா வரும்." "ரெண்டு போடு போட்டுப் பார்த்தீங்களா? நான்லாம் அடி வாங்கித்தான் ஆளானேன்." இதைச் சொன்னவர் ஆளாகியிருந்தார் என்பதற்கு வேறு சாட்சி எதுவும் இல்லை.

ஸ்டுடியோக்காரர் பதில் சொல்ல மாட்டார். "ஆமாங்க" என்று சொல்லிக்கொண்டே, அவர்கள் வாய் நன்றாகத் திறந்திருக்கும் சமயம் பார்த்து ஒரு படம் தட்டிவிடுவார். பிறகுதான் ஒழுங்கான படம். அறிவுரை சொல்லும்போது மனித முகம் எப்படி இருக்கும் என்பதற்கு அவர் கம்ப்யூட்டரில் ஒரு பெரிய தொகுப்பே இருந்தது. ஒரு புருவம் ஏறியிருக்கும், கண் பாதி மூடியிருக்கும், நாக்கு வெளியே எட்டிப்பார்க்கும். மனம் நொந்த நாட்களில் அவரும் அவர் மனைவியும் கடையைச் சாத்துவதற்கு முன்னால் அதைத் திறந்து வைத்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

மனைவி இருந்தவரையில் பதில் சொல்கிற பொறுப்பும் அவளுடையதாகவே இருந்தது. யாராவது வைத்தியம் சொன்னால், "அப்படியா! எழுதிக் குடுத்துட்டுப் போங்க, பிரேம் போட்டு மாட்டிடறோம்" என்பாள். சொல்லிக்கொண்டே, ஸ்டூலில் இருப்பவர் காலரைச் சரிசெய்து, இரண்டு விரலால் தாடையைத் தொட்டு, "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க. அவ்வளவுதான். இப்ப ராஜா மாதிரி இருக்கீங்க" என்று தோளில் ஒரு தட்டு. கோபிக்கலாமா சிரிக்கலாமா என்று வந்தவர் யோசிப்பதற்குள் படம் முடிந்திருக்கும்.

குறை மாதத்தில் உள்ளங்கை அளவில் பிறந்த மகளுக்குப் புள்ளி என்று செல்லப்பெயர் வைத்தவளும் அவள்தான். வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள், திரும்பி வரவில்லை. ஸ்டுடியோக்காரருக்கு அதற்குப் பிறகு வந்த நாட்கள் ஃபோகஸ் விழாத படம் மாதிரி.

அவருடைய அக்கா மட்டும் மிகத் தெளிவாக இருந்தாள். அக்காவுக்கு எப்போதுமே தெளிவுக்குக் குறைவில்லை. புள்ளி இப்படி ஆனதற்குக் காரணம் பெற்றவள்தான் என்று அவள் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்திருந்தாள். புள்ளி கைக்குழந்தையாக இருந்தபோது, "எந்நேரமும் இடுப்புல வெச்சுக்கிட்டே திரிஞ்சா அது எப்படிப் பேசும்?" என்றாள். புள்ளி கொஞ்சம் வளர்ந்து, யாராவது கட்டிப்பிடித்தால் உடம்பை முறுக்கிக்கொண்டு நழுவ ஆரம்பித்ததும், "பெத்தவ கொஞ்சினாத்தானே புள்ளைக்குக் கொஞ்சத் தெரியும்?" என்றாள். இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாகும் என்று தம்பி பெண்டாட்டி ஒரு தடவை கேட்டபோது, "பெரியவங்கள எதிர்த்துப் பேசறதும் ஒரு காரணம்தான்" என்று மூன்றாவதையும் சேர்த்துக்கொண்டாள்.

அக்கா புருஷன் வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியைவிட நல்ல மனசு. இந்த மாதிரிக் குழந்தைகளெல்லாம் மேதைகள் என்று அவர் செல்போனில் நிறைய வீடியோ பார்த்து உறுதியாக நம்பிவிட்டார். புள்ளியின் மேதைமை எந்தப் பக்கம் ஒளிந்திருக்கிறது என்று தேடுவது ஓய்வுக்காலத்தில் அவருக்குக் கிடைத்த நல்ல வேலை.

"புள்ளிக்குட்டி, மாமா ஒரு தேதி சொல்வேனாம். நீ டக்குனு கிழமை சொல்வியாம். என்ன?"

"என்ன," என்றாள் புள்ளி.

"வர்ற மார்ச் ஆறு. என்ன கிழமை?"

"என்ன கிழமை."

"அதத்தான்மா நானும் கேக்கறேன்."

கணக்கு போனது, சதுரங்கப் பலகை போனது. அடுத்து ஒரு கீபோர்டு வாங்கி வந்தார். புள்ளி அதில் ஒரே ஒரு கட்டையைத் தேர்ந்தெடுத்துச் சாயங்காலம் முழுக்க அதையே அழுத்திக்கொண்டிருந்தாள். இப்போது பாட்டு வரும், இதோ வரும் என்று அவர் கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அக்கா வந்து பேட்டரியைக் கழற்றி எறிந்தாள். கீபோர்டு வந்த அட்டைப்பெட்டிக்குள் புள்ளி ஏறி உட்கார்ந்துகொண்டாள். அந்தச் சாயங்காலத்திலேயே அவளுக்குப் பிடித்த விஷயம் அதுதான். "இது அந்த வகை இல்ல போல மாப்ள," என்றார் அவர், பரிசு விழாத லாட்டரிச் சீட்டைப் பார்க்கிற முகத்தோடு.

பள்ளிக்கூடத்தில் வேறு குறை. "கண்ணைப் பார்த்துப் பதில் சொல்ல மாட்டேங்கறா சார். எதையோ மறைக்கறா. இல்லாட்டி திமிர்," என்றார் டீச்சர். ஸ்டுடியோக்காரருக்குச் சிரிப்பு வந்தது. நேருக்கு நேராகக் கண்ணைப் பார்ப்பவர்களைப் படம் பிடித்தே பிழைப்பவர் அவர். அந்த நேரான கண்களில் எத்தனை பேர் எத்தனை பேருக்கு நாமம் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். மனைவி இறந்த பிறகு அதே டீச்சர், "கொஞ்ச நாள் வீட்லயே வெச்சுக்குங்க, பாவம்" என்றார். கொஞ்ச நாள் என்பது எவ்வளவு நாள் என்று கேட்டபோது, மறந்தும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை.

ஆக, புள்ளி காலையிலிருந்து கடை சாத்துகிற வரை ஸ்டுடியோவில்தான். அங்கேதான் வினை புதிதாக முளைத்தது. முன்பெல்லாம் யார் வந்தாலும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வெள்ளைத் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவள், இப்போது யாராவது ஸ்டூலில் உட்கார்ந்தால் எழுந்து போய் அவர் முகத்தில் கை வைத்தாள். வக்கீல் ஒருவர் துள்ளி எழுந்தார். "என்னங்க இது, மூஞ்சியப் பிடிக்குது!" ஒரு புதுப்பெண் பயந்து கத்தினாள். ஸ்டுடியோக்காரர் ஓடிப்போய் இழுத்துக்கொண்டு வந்து உட்கார வைப்பார். அடுத்த ஆள் வந்ததும் மறுபடி. அதட்டிப் பார்த்தார், பின்னால் இருந்த சிறிய அறையில் விட்டுக் கதவைச் சாத்திப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் அவள் போட்ட சத்தத்தில் வாடிக்கையாளர்கள் போட்டோவே வேண்டாம் என்று எழுந்து போனார்கள்.

விஷயம் அக்கா காதுக்குப் போயிற்று. "பார்த்தியா, இப்ப ஆளத் தொட ஆரம்பிச்சிடுச்சு. நாளைக்கு அடிக்கும். நாளான்னைக்குக் கடிக்கும். இதுங்க வளர வளர அப்படித்தான்." அவள் ஏற்கெனவே ஓர் இடம் பார்த்து வைத்திருந்தாள். ஊருக்கு வெளியே, இந்த மாதிரிக் குழந்தைகளை அங்கேயே தங்க வைத்துப் பார்த்துக்கொள்கிற இல்லம். அதை நடத்துகிற டைரக்டர் அம்மா ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து புள்ளியைப் பார்ப்பார். அவர் சரி என்றால் அடுத்த வாரம் கொண்டுபோய் விட்டுவிடலாம்.

"பார்த்துட்டுப் போகட்டும்," என்றார் ஸ்டுடியோக்காரர். முடியாது என்று சொல்ல வேண்டியவர் ஏன் அப்படிச் சொன்னார் என்றால், அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்த அன்று நடந்ததை அக்கா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி, சொல்லி, அது இப்போது ஒரு கதையாகவே உருண்டு திரண்டு நின்றது. புள்ளியை மாடி வீட்டு அம்மா தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்து, தரை துடைத்து, நாற்காலிகளைத் திருப்பி அனுப்பிய பிறகு கீழே கூட்டி வந்தார். வீட்டில் ஒவ்வொருவரும் அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருக்க, புள்ளி நேராகச் சமையலறைக்குப் போய் டப்பாவைக் காட்டி, "பிஸ்கட்" என்றாள். "பெத்தவ போய்ச் சேர்ந்துட்டா, இது பிஸ்கட் கேக்குது!" என்று அக்கா முடிக்கும்போது கேட்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். "ஒரு சொட்டுக் கண்ணீர் விடலங்க. கல்லு. அதுக்கு ஒண்ணும் புரியாது."

ஸ்டுடியோக்காரர் அதை மறுத்ததில்லை. அவரும் நம்பினார். கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு நடக்கும்போது புள்ளி முன்னால் போவாள், ஒவ்வொரு விளக்குக் கம்பத்தையும் தொட்டுத் தொட்டு, உற்சாகமாக. அவர் பின்னால் நடப்பார். ஒரு நாள்கூட அவள் அம்மா எங்கே என்று கேட்கவில்லை. அழுவதற்குக் கூட ஓர் ஆள் துணையில்லாமல் போனது அவருக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய தனிமையாக இருந்தது. சில சமயம் அந்தச் சின்ன முதுகைப் பார்க்கப் பார்க்கக் கோபமாகவே வந்தது. அவளுக்கு இனி அம்மாவும் இல்லை, அப்பாவும் வேண்டியதில்லை, எங்கே இருந்தாலும் அவளுக்கு ஒன்றுதான் என்று ஒரு நாள் நினைத்துக்கொண்டார். நினைத்த பிறகு, பார்த்துட்டுப் போகட்டும் என்று அக்காவிடம் சொல்வது சுலபமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா காலையிலேயே வந்து புள்ளிக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டாள். ஜரிகையும் பளபளப்புமாகக் கழுத்தைச் சுற்றிக் கரகரக்கிற சட்டை. புள்ளி அதைக் கழற்றி எறிந்தாள். அக்கா மாட்டினாள். அவள் கழற்றினாள். டைரக்டர் அம்மா உள்ளே வந்தபோது புள்ளி தன் பழைய, வெளுத்த டி-ஷர்ட்டில் நின்றிருந்தாள். வியர்த்து விறுவிறுத்து மூச்சு வாங்கியது அக்காவுக்குத்தான்.

டைரக்டர் அம்மா கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. ஞாயிற்றுக்கிழமையன்று அடுத்தவர் வீட்டு சோபாவில் உட்காரும்போது அது எதற்கு என்று தெரியவில்லை. அக்கா புருஷன் கொண்டுவந்த டீயை வாங்கிக்கொண்டு, புள்ளியின் பக்கம் குனிந்து, ஆற்றுக்கு அக்கரையில் நிற்கிறவளைக் கூப்பிடுகிற குரலில் கேட்டார்:

"உன்! பேரு! என்ன!"

புள்ளி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"காது கேக்குதான்னு டெஸ்ட் பண்ணிட்டீங்களா?" என்றார் டைரக்டர் அம்மா, ஸ்டுடியோக்காரரிடம்.

"நல்லாக் கேக்கும். அதனாலதான் பொத்திக்கிறா."

டைரக்டர் அம்மா அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் புள்ளியிடம் பேசவே இல்லை. மேசையையோ பீரோவையோ எடுத்துப் போக வந்தவர் அளவு கேட்பது மாதிரி, அவள் தலைக்கு மேலாகவே பேசினார். தூங்குமா, சாப்பிடுமா, ஓடுமா, கடிக்குமா.

"தொடுதுங்க," என்றாள் அக்கா. "கடைக்கு வர்றவங்க மூஞ்சியப் போய்ப் பிடிக்குது."

"அது ஆக்ரோஷத்தோட முதல் கட்டம்மா. நாங்க நிறையப் பார்த்திருக்கோம்."

"திறமை ஏதாவது ஒளிஞ்சிருக்குமா மேடம்?" என்றார் அக்கா புருஷன், இன்னும் நம்பிக்கை இழக்காமல். "வீடியோல எல்லாம்..."

"பார்க்கலாம் சார். அங்க மெழுகுவர்த்தி செய்யக் கத்துக் குடுப்போம்."

அவர் முகம் வாடியது.

டைரக்டர் அம்மா ஸ்டுடியோக்காரர் பக்கம் திரும்பினார். குரல் இப்போது துக்கம் விசாரிக்கிற குரலாக இருந்தது. "நீங்க குற்ற உணர்ச்சியே படக் கூடாது சார். இந்தக் குழந்தைங்களுக்குப் பாசம்னா என்னன்னே தெரியாது. ஒரு விதத்துல அது அவங்க கொடுத்து வெச்சது. கொஞ்ச நாள்ல உங்களை மறந்துடும். புது இடம், புது ஆளு, அவ்வளவுதான்."

"சரியாச் சொன்னீங்க," என்று அக்கா பிஸ்கட் கதையை ஆரம்பித்தாள். இந்தத் தடவை கண்ணீரும் சேர்த்தே சொன்னாள். டைரக்டர் அம்மா அனுதாபத்தோடு தாடையைத் தூக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

புள்ளி எழுந்து அவரிடம் போனாள். முகத்துக்கு நேராகப் பார்க்கவில்லை. பார்வை சுவரில் எங்கோ இருந்தது. இடது கையால் டைரக்டர் அம்மாவின் கழுத்தில் கோணலாகக் கிடந்த அடையாள அட்டையின் பட்டையை நேராக்கினாள். வலது கையின் இரண்டு விரலைத் தாடையில் வைத்து மெல்ல அழுத்தினாள்.

"ஏய், தொடாதே!" டீ மடியில் கொட்டியது.

"தாடையைக் கொஞ்சம் இறக்குங்க," என்றாள் புள்ளி. "அவ்வளவுதான். இப்ப ராணி மாதிரி இருக்கீங்க." தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

அது அவள் அம்மாவின் குரல். 'அவ்வளவுதான்' என்பதில் கொஞ்சம் இழுத்து, 'ராணி'யில் சிரிப்பை ஒளித்து வைக்கிற அதே குரல். வழக்கம்போல அவளை இழுக்க எழுந்த ஸ்டுடியோக்காரர் பாதியில் நின்றார். இத்தனை நாளும் கேமராவுக்குப் பின்னால் நின்று, வந்தவர் முகத்தில் மகள் கை வைப்பதைப் பார்த்தவர்தான். ஓடிப்போய் இழுத்துக்கொண்டு வருவதிலேயே குறியாக இருந்ததால், அவள் வாக்கியத்தை முடிக்க ஒரு தடவைகூட விட்டதில்லை.

"மாப்ள!" அக்கா புருஷன் எழுந்தே விட்டார். "அப்படியே ரெக்கார்டிங் மாதிரி இருக்கு மாப்ள! அந்த வகைதான் இது!"

"அர்த்தம் தெரியாம திருப்பிச் சொல்றது சார், கிளி மாதிரி," என்றார் டைரக்டர் அம்மா, கைக்குட்டையால் மடியைத் துடைத்துக்கொண்டே. "இதுக்கெல்லாம் முக்கியத்துவம் குடுக்கக் கூடாது."

ஸ்டுடியோக்காரர் தரையில் மகளுக்கு எதிரே உட்கார்ந்தார். மனைவி போன பிறகு அவர் புள்ளியிடம் 'வா', 'போ', 'தொடாதே' தவிர வேறு எதுவும் பேசியதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கேள்வி என்று எதையும் கேட்டதே இல்லை.

"புள்ளி. இத நீ ஏம்மா செய்யறே?"

அவள் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டாள். அக்கா குறுக்கே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அம்மா வர்ற வரைக்கும் புள்ளி," என்றாள் அவள்.

"அம்மா எங்க போயிருக்கா?"

"ஊருக்குப் போயிருக்கா. வந்துடுவா. அத்தை சொன்னாங்க."

டைரக்டர் அம்மா, "பார்த்தீங்களா, இறப்புங்கறது அதுக்குப் புரியவே இல்ல" என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அக்கா," என்றார் ஸ்டுடியோக்காரர். "அன்னைக்கு இவகிட்ட என்ன சொன்னே?"

"என்னடா சொன்னேன்? மாடியிலேர்ந்து வந்ததும் வராததுமா அம்மா எங்கன்னு கேட்டுச்சு. ஊருக்குப் போயிருக்கா, வந்துடுவான்னு சொன்னேன். சின்னப் புள்ளைங்ககிட்ட எல்லாரும் சொல்றதுதான். நீயும் அங்கதானே உக்காந்திருந்தே? தலையாட்டினியே!"

ஆட்டியிருக்கலாம். அன்றைக்கு அவர் எதற்கெல்லாம் தலையாட்டினார் என்று அவருக்கே நினைவில்லை.

"அப்புறம்தான் பிஸ்கட் கேட்டாளா?"

"ஆமா. சரின்னுட்டுப் போய் பிஸ்கட் கேட்டுச்சு. அதத்தானே நான் இவ்வளவு நாளா சொல்லிட்டிருக்கேன்!"

"அம்மா ஊருக்குப் போயிருந்தா எந்தப் புள்ளையும் பிஸ்கட்தான் கேக்கும் அக்கா. நீ சொன்னத அவ நம்பினா. அவ்வளவுதான் அவ செஞ்ச தப்பு. நம்பினதுக்குத்தான் நீ ஊரெல்லாம் கல்லுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சே. நானும் கேட்டுட்டுத் திரிஞ்சேன்."

"அதுக்கு ஒண்ணும் புரியாதுன்னுதானேடா..."

"புரியாதவகிட்ட எதுக்குப் பொய் சொன்னே?"

அக்கா சட்டென்று வேறு பக்கம் தாவினாள்.

"நல்லது செய்ய வந்தவளக் கூண்டுல ஏத்தறியா? ஒத்த ஆம்பள, பொம்பளப் புள்ள. அதுவும் இப்படி. நாளைக்குப் பெரியவளா ஆனா என்னடா பண்ணுவே?"

"தெரியல."

"கடையை யார் பார்ப்பா? இத யார் பார்ப்பா?"

"அதுவும் தெரியல. ஆனா அனுப்பல."

டைரக்டர் அம்மா எழுந்தார். "உணர்ச்சிவசப்படறீங்க சார். இயற்கைதான். ஆனா எங்ககிட்ட இடம் காத்துட்டு இருக்காது."

"வேற யாருக்காவது குடுத்துடுங்க. மறந்துடுவான்னு சொல்றீங்க, நடந்தது என்னன்னே இவகிட்ட இன்னும் யாரும் சொல்லல."

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் நின்று, இனி இந்தப் படி ஏற மாட்டேன் என்றாள். தம்பி ஏதாவது சொல்வான் என்று கொஞ்சம் நின்றாள். அவர் டீ கப்புகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அவள் செருப்பு மாட்டிய விதத்திலேயே, இந்தத் தடவை சொன்னதைச் செய்துவிடுவாள் என்று தெரிந்தது. அவள் கணவர் மட்டும் திரும்பி வந்து, குனிந்து, "ராஜா மாதிரி இருக்கீங்கன்னு ஒரு தடவை எனக்குச் சொல்லேன்டா" என்று புள்ளியிடம் கேட்டுப் பார்த்தார். புள்ளி சொல்லவில்லை. அவர் உட்கார்ந்திருக்கவில்லை, நின்றுகொண்டிருந்தார்.

வீடு காலியானதும் ஸ்டுடியோக்காரர் வாசற்கதவைச் சாத்தினார். சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்வது? ஊர் உலகத்தில் இதற்கென்று புழங்குகிற சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். தூங்கிட்டா என்று சொன்னால், எப்போது எழுந்திருப்பாள் என்று காத்திருப்பாள். அல்லது பயத்தில் தானே தூங்காமல் கிடப்பாள். மேலே போயிட்டா என்றால் மாடி வீட்டுக்குப் போய்த் தேடுவாள். நம்ம கூடவேதான் இருக்கா என்றால் கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குள்ளும் பார்ப்பாள், பார்த்துவிட்டு இல்லை என்று வந்து சொல்வாள். அழகான சொற்கள் அத்தனையும் அழுகின பழம் மாதிரி கையோடு வந்தன. மனிதர்கள் எவ்வளவு பொய்யை எவ்வளவு அன்பாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. கடைசியில் மிச்சமிருந்தது ஒரு சொல்தான். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இத்தனை மாதத்தில் அவரும் அதைச் சொன்னதில்லை. 'போயிட்டா', 'தவறிட்டா' என்று சுற்றிச் சுற்றித்தான் வந்திருந்தார்.

புள்ளி ஜன்னல் கம்பிகளை விரலால் வருடிக்கொண்டிருந்தாள்.

"புள்ளி. அப்பா ஒண்ணு சொல்லணும். நீ என்னப் பார்க்க வேண்டாம். கேட்டாப் போதும்."

வருடுவது நின்றது. கேட்கிறாள்.

"அம்மா ஊருக்குப் போகல. அத்தை சொன்னது பொய். அப்பா அதச் சரின்னு விட்டதும் பொய். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில உடம்பு சரியாகல. அம்மா செத்துட்டா."

"வந்துடுவா."

"வரமாட்டா."

"வந்துடுவா," என்றாள். குரல் கொஞ்சம் ஏறியது.

"செத்தவங்க வரமாட்டாங்க, புள்ளி. நாளைக்கும் வரமாட்டா. அப்புறமும் வரமாட்டா."

அவள் வாசற்கதவுக்குப் போனாள். கதவை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். கொஞ்சம் காத்திருந்தாள். மறுபடி தட்டினாள். பிறகு அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று மனிதர்கள் பழகி வைத்திருக்கிற எதனோடும் அது சேரவில்லை. கண்ணீர் இல்லை, விம்மல் இல்லை. ஒரே சுருதியில், மூச்சு தீர்கிற வரை நீண்டு, மூச்சு வாங்கி மறுபடி அதே இடத்திலிருந்து தொடங்கியது. கைகள் கதவை அறைந்துகொண்டே இருந்தன. ஸ்டுடியோக்காரர் அவளைக் கட்டிக்கொள்ளப் போய், கட்டிக்கொண்டால் அவளுக்கு இன்னும் வலிக்கும் என்பது நினைவு வந்து, ஒரு கை தூரத்தில் தரையில் உட்கார்ந்தார். அவருக்கும் அழுகை வந்தது. அடக்கத்தன்று நாலு பேர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தபோது வராத அழுகை அது. அதுவும் பார்க்க லட்சணமாக இல்லை.

மாடி வீட்டு அம்மா படியிறங்கி ஓடி வந்தார். ஸ்டுடியோக்காரர் எழுந்து திறந்த கதவுக்கு வெளியே நின்று, அப்பனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன தம்பி, அடிச்சிட்டீங்களா? இல்ல வழக்கம்போல அடம் பிடிக்கறாளா?"

"இல்லம்மா. அவங்க அம்மா செத்துட்டாங்க."

மாடி வீட்டு அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. துக்கத்தில் இந்த மனுஷனுக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார் போலிருக்கிறது. "அது நடந்து எத்தனை மாசமாச்சு தம்பி..." என்றார் மெதுவாக.

"நமக்கு. அவளுக்கு இப்பதாங்க."

புரிந்ததும் அந்த அம்மாவுக்கு முகம் கோணியது. உள்ளே வந்து, புள்ளிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, "அழாதடா கண்ணு, அம்மா எங்கயும் போகல, அங்க மேலேர்ந்து உன்னையவே..." என்று தொடங்கினார்.

"வேண்டாம்மா," என்றார் ஸ்டுடியோக்காரர். "தயவுசெஞ்சு எதுவும் சொல்லாதீங்க. எது சொன்னாலும் அவ நம்பிடுவா."

மாடி வீட்டு அம்மா வாயை மூடிக்கொண்டார். எழுந்து போவதா இருப்பதா என்று கொஞ்சம் தடுமாறி, பிறகு சுவரோரமாகச் சாய்ந்து, சாவு வீட்டில் உட்காருவது மாதிரி உட்கார்ந்தார்.